சீரம் அறியாத கிருமி



செட்டிநாட்டு ஊர்களுக்குப் புதிதாக வருவோர் இங்குள்ள பெரிய வீடுகளைக் கண்டு வியப்பர். இங்கேயே பிறந்து வளர்ந்த என் போன்றோர்க்கு அவ்வீடுகளினும் ஊருணிகளே பெருமையாகத் தோன்றும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத சீமை இது. மழைநீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து தேக்கி, அதைக் கொண்டே ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்க வேண்டியிருந்தது. ஆதலால் குடிப்பதற்கென ஓர் ஊருணி, குளிப்பதற்கும் துவைப்பதற்கும் வேறொரு குளம் என்று முன்னோர் பிரித்து வைத்தனர். குடிநீர் ஊருணியில் இறங்கிக் கால் அலம்பலாகாது. குடத்தில் முகந்துகொண்டு கரையேறிவிட வேண்டும். காவலுக்கு ஆள் வைத்த ஊர்களும் உண்டு. பேரறிவாளன் பெற்ற செல்வத்துக்கு ஊருணியை உவமை சொன்னவர் வள்ளுவர் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஆயினும், கண்ணுக்குத் தெளிந்த நீர் உயிருக்குத் தீங்கற்ற நீர்தானா என்பதை எந்தக் காவற்காரராலும் சொல்ல முடியாது. நீரிலோ உணவிலோ நோயாளியின் கழிவிலோ இருக்கும் கிருமி இன்னதென்று அடையாளம் காட்ட அறிஞர்கள் ஒரு சாட்சியைத் தேடிக் கண்டனர். அச்சாட்சிக்குச் சீரம் என்று பெயர். குருதி உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற நீர்மமே அது. பழைய பாடநூல்களில் ஊநீர் என்று எழுதியிருப்பார்கள். ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நம்பத்தக்க சாட்சியாக விளங்கிய அந்தச் சீரம், 1992-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டிலேயே, கொள்ளைநோய் கண்முன் பரவிக்கொண்டிருக்கும்போது, வாய் திறவாமல் நின்றுவிட்டது. அது ஏன் நேர்ந்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

வாந்திபேதி என்று நம் பாட்டன்மார் அஞ்சிய காலராவிலிருந்து தொடங்குவோம். 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் தங்கி, அந்நோயால் இறந்தோரின் குடலிலிருந்து காற்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். நோய் பரவியிருந்த ஓரிடத்தின் குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1854-இல், பிளாரன்ஸ் நகரில் பாச்சினி என்னும் இத்தாலியர் இதைக் கண்டு எழுதியிருந்தார். அன்று அவருக்கு யாரும் செவிசாய்க்கவில்லை.

கோக் கண்டதோடு கதை முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை. வளைந்த கிருமிகளைத் தேடத் தொடங்கியதும் அவை எங்கும் அகப்பட்டன. ஆற்றிலும், கழிமுகத்திலும், நலமாக உள்ள மனிதரின் குடலிலுங்கூட விப்ரியோ என்னும் அந்த இனத்தைச் சேர்ந்தவை இருந்தன. உருவத்தில் வேறுபாடில்லை, நுண்ணோக்கியில் நீந்தும் நடையிலும் வேறுபாடில்லை. அவற்றுள் ஒன்று ஊரை அழிக்கும். மற்றவை பெரும்பாலும் ஒன்றும் செய்யா. ஒரே சீருடை அணிந்த ஆயிரம் பிள்ளைகளில் கண்ணாடியை உடைத்தவன் எவன் என்று கேட்டால் தலைமையாசிரியன் படும் பாட்டை ஒத்தது இது.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. நோய்க் கிருமி உடலிற் புகுந்தால் உடல் சும்மா இராது. அந்தக் கிருமியின் மேற்பரப்புக்கென்றே அமைந்த ஒருவகைப் புரதங்களைக் குருதியில் உண்டாக்கும். அவற்றை எதிர்ப்பொருள் என்கிறோம். ஆங்கிலப் பெயரையே எடுத்து ஆன்டிபாடி என்போரும் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் பழைய இரும்புப் பெட்டகங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அப்பெட்டகத்தின் சாவி அண்டை வீட்டுப் பெட்டகத்தைத் திறவாது. எதிர்ப்பொருளும் அத்தகையது, தனக்கு உரிய மேற்பரப்பில் மட்டும் பொருந்தும்.

1894-இல் கோக்கின் மாணவர் ரிச்சர்டு பைபர், காலராவை ஒருமுறை எதிர்த்து வென்ற கினிப்பன்றியின் வயிற்றறைக்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தினால் அவை கரைந்து மறைவதையும், வேறு விப்ரியோக்கள் கரையாது பிழைப்பதையும் கண்டார். 1896-இல் வியன்னாவில் மாக்ஸ் குரூபரும், அவரிடம் பயின்ற ஹெர்பர்ட் டர்ஹாம் என்னும் ஆங்கிலேய இளைஞரும், இதற்குக் கினிப்பன்றியின் வயிறு வேண்டியதில்லை, ஒரு கண்ணாடித் தகடே போதும் என்று காட்டினர். நீர்த்துளியில் கலங்கலாக மிதக்கும் கிருமிகளோடு உரிய சீரத்தைக் கலந்தால், திரிந்த பால்போல் அவை கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் உண்டு. ஒரு கையால் ஒரு கிருமியையும் மறு கையால் அடுத்த கிருமியையும் பற்றிக்கொள்வதால் வரும் திரட்சி அது. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நிமிடத்துக்குள் வெறுங்கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அதே 1896-இல் பாரிஸ் நகரில் பெர்னாண்டு விடால் என்னும் மருத்துவர் இந்த வழியைத் தலைகீழாகத் திருப்பினார். தெரிந்த சீரத்தைக் கொண்டு தெரியாத கிருமியைக் காண்பதற்குப் பதிலாக, தெரிந்த கிருமியைக் கொண்டு நோயாளியின் சீரத்தைச் சோதித்தார். டைபாய்டு கிருமிகள் திரண்டால் நோயாளிக்கு டைபாய்டு என்பது கணக்கு. குரூபரோடு பணியாற்றிய குரூன்பாம் என்பவரும் அதே காலத்தில் அதையே கண்டிருந்தார்; பெயர் நிலைத்தது என்னவோ விடாலுக்கே. இன்றும் நம் சிறு நகரங்களின் ஆய்வுக்கூடங்களில் காய்ச்சல் என்று போனவுடன் எழுதித் தரும் விடால் சோதனை இதுதான். அதைப்பற்றி ஒரு சொல் சொல்லியே ஆகவேண்டும். டைபாய்டு எப்போதும் உலவும் நம் நாட்டில், முன்பு எப்போதோ அக்கிருமியைச் சந்தித்தவரின் குருதியிலும், தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் குருதியிலும் அந்த எதிர்ப்பொருள் ஓரளவு இருந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு நாளில் எடுத்த ஒரே ஒரு விடால் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டைபாய்டு என்று தீர்ப்பளிப்பது நேற்றைய காலடியைப் பார்த்து இன்றைய கள்வனைப் பிடிப்பதாகும். குருதியிலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்ப்பது அதனினும் உறுதியான சான்று.

சீரத்தின் சாட்சியில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ஒன்றுக்கொன்று உறவான கிருமிகள் மேற்பரப்பில் சில அடையாளங்களைப் பொதுவாகக் கொண்டிருக்கும். அப்போது ஒரே சீரம் இரண்டையும் திரட்டிவிடும். 1902-இல் ஆல்டோ காஸ்டெல்லானி என்னும் இத்தாலியர் இதற்கு ஓர் எளிய மருந்து சொன்னார். சீரத்தோடு முதலில் உறவினக் கிருமியைக் கலந்து, அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருள்களையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டபின் வடித்துவிடுங்கள்; எஞ்சி நிற்பது உண்மையான கிருமியை மட்டும் அறியும் என்றார். இவர் மறு ஆண்டே, 1903-இல், இலங்கைக்கு வந்து கொழும்பில் கிருமி ஆய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்றுப் பத்தாண்டுக்கு மேல் அங்கு இருந்தார். கொழும்புச் செட்டியார் தெருவில் நம் நகரத்தார் கடை வைத்திருந்த காலம் அது.

இனி நம் நாட்டு அறிஞர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக் கிண்டியில் உள்ள கிங் நிலையத்தை உங்களிற் சிலர் அறிந்திருக்கலாம். அம்மைப்பால் தயாரிக்க 1899-இல் தொடங்கிய அந்நிலையம், பின்னர்ச் சீரங்களும் தடுப்பு மருந்துகளும் செய்யும் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அங்குப் பணியாற்றியவர் கே. வி. வெங்கட்ராமன். இவர் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கார்ட்னர் என்னும் அறிஞரோடு சேர்ந்து 1935-இல் வெளியிட்ட ஆய்வு, காலரா அறிவியலின் அடிக்கற்களில் ஒன்று.

அவர்கள் கண்டது இது. விப்ரியோவுக்கு நீந்த உதவும் வால் உண்டு, உடலும் உண்டு. வாலில் உள்ள அடையாளத்துக்கு ஹெச் என்றும், உடலின் மேற்பரப்பில் உள்ள அடையாளத்துக்கு ஓ என்றும் பெயர். (இவ்வெழுத்துகள் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தவை. கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் படர்ந்து வளரும் கிருமியை மூச்சுள்ளது என்றும், படராததை மூச்சற்றது என்றும் அந்நாட்டார் குறித்தனர். அதன் முதலெழுத்துகள் உலகெங்கும் தங்கிவிட்டன.) காலரா விப்ரியோவும் தீங்கற்ற பல விப்ரியோக்களும் வாலடையாளத்தில் ஒன்றுபோல் இருந்தன, குழப்பத்துக்கு அதுவே காரணம். ஓ அடையாளத்திலோ வேறுபட்டன. கார்ட்னரும் வெங்கட்ராமனும் விப்ரியோக்களை ஓ அடையாளத்தால் ஆறு பிரிவுகளாக்கினர். கொள்ளைநோயை உண்டாக்கிய கிருமிகள் யாவும் முதற் பிரிவில் வந்து விழுந்தன. ஓ-1 என்று இன்றளவும் மருத்துவ நூல்கள் சொல்லும் பெயர் இப்பாகுபாட்டிலிருந்து வந்ததே.

அன்றிலிருந்து ஒரு விதி நிலைபெற்றது. ஓ-1 சீரத்தில் திரண்டால் காலரா; திரளாவிட்டால் காலரா அன்று. திரளாதவற்றை ஒரே மூட்டையாகக் கட்டித் திரளா விப்ரியோக்கள் என்று ஒதுக்கி வைத்தனர். அவை அங்கொருவருக்கும் இங்கொருவருக்கும் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். ஊரைச் சூறையாடா என்பது நம்பிக்கை.

வெங்கட்ராமன் செய்த இன்னொரு தொண்டு எனக்கு மிகவும் பிடித்தமானது. 1941-இல் அவரும் ராமகிருஷ்ணனும் ஒரு கரைசலைச் செய்தனர். ஒரு லிட்டர் வடிநீரில் சுத்திகரியாத கடலுப்பு 20 கிராம், பெப்டோன் என்னும் புரதச் சத்து 5 கிராம், சற்றே காரத்தன்மை, அவ்வளவே. சிற்றூரில் நோயாளியின் கழிவைச் சிறிதளவு இதில் இட்டு மூடினால், பனிக்கட்டியும் குளிர்பெட்டியும் இன்றியே காலராக் கிருமி பல வாரம் உயிரோடிருக்கும். ஆய்வுக்கூடம் உள்ள நகருக்கு ஒருநாள் பயணமாக இருந்த இராமநாதபுரம் போன்ற சீமைகளை எண்ணிப் பாருங்கள். (இன்றைய சிவகங்கை மாவட்டம் அதிலிருந்து பிரிந்தது 1985-இல்தான்.) மாதிரி வழியிலேயே செத்துப்போனால் சீரம் எவ்வளவு கூரியதாக இருந்தும் என்ன பயன்? விப்ரியோ கடலோரத்து உப்புநீரில் வாழப் பழகிய உயிர். அதனால் உப்பே அதற்குத் துணையாயிற்று. இருவர் பெயரின் முதலெழுத்துகளால் வி.ஆர். கரைசல் என்று உலகெங்கும் இதை வழங்குகின்றனர்.

ஓ-1 விதிக்கு ஒரு சோதனை 1905-இலேயே எழுந்ததுண்டு. சினாய்ப் பகுதியில் செங்கடற் கரையோரம் எல் டார் என்னுமிடத்தில், மெக்கா சென்று திரும்பும் யாத்திரிகர்களைத் தடுத்து வைக்கும் முகாம் இருந்தது. மண்டபத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்து வைத்த முகாம் போன்றதே என்று கொள்க. காலரா அறிகுறி ஒன்றுமில்லாமல் வேறு நோயால் இறந்த சில யாத்திரிகர்களிடமிருந்து காட்ஷ்லிக் என்னும் ஆய்வாளர் சில விப்ரியோக்களைப் பிரித்தார். காலராச் சீரம் அவற்றைத் திரட்டியது! சீரம் ஆம் என்கிறது, நோயோ இல்லை. அரை நூற்றாண்டு இதைப்பற்றி வாதிட்டனர். 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து எல் டார் வகையே பெருங்கொள்ளையாகப் புறப்பட்டு, 1964-இல் இந்தியாவை அடைந்தது. அன்று சீரம் சொன்னதே சரியாயிற்று. இதனால் சீரத்தின் மீதிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

இதற்கிடையே, உணவுப் பொருள்களைச் சோதிப்பதற்கும் இதே சாட்சி அழைக்கப்பட்டது. டைபாய்டின் உறவினமான சால்மோனெல்லாக்களை ஓ, ஹெச் அடையாளங்களால் பிரித்துப் பிரித்து, இன்று 2,500-க்கு மேற்பட்ட வகைகளை எண்ணியிருக்கிறார்கள். முதலில் அகப்பட்ட ஊரின் பெயரையே வைப்பது வழக்கமாதலால் டப்ளின், லண்டன், ஹைடல்பர்க் எல்லாம் கிருமிகளின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. நம் நாட்டில் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியின் மத்திய ஆராய்ச்சி நிலையம் இவ்வகை அடையாளம் காணும் பணியை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. கடல் கடந்து செல்லும் இறாலில் 25 கிராம் எடுத்தால் அதில் ஒரு சால்மோனெல்லாவும் இருத்தலாகாது என்பது வாங்கும் நாடுகளின் நிபந்தனை. எதிர்ப்பொருளோ, ஒரு மில்லிலிட்டரில் பல்லாயிரம் கிருமிகள் இருந்தால்தான் அடையாளம் காட்டும். ஆகவே உணவை முதலில் வளர்ப்பு நீர்மத்தில் இட்டு, ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வைத்து, ஒன்றைப் பல கோடியாக்கிய பின்னரே சாட்சியைக் கூப்பிட வேண்டும். 1971-இல் சுவீடனில் எங்வாலும் பெர்ல்மனும் அமைத்த எலைசா என்னும் முறையில், பொருந்திய எதிர்ப்பொருளோடு ஒட்டிய நொதி நிறத்தை உண்டாக்கிக் காட்டுவதால் ஒரே வேளையில் பல மாதிரிகளைச் சோதிக்க முடிந்தது. ஆயினும் வளர்க்கும் காத்திருப்பு மறையவில்லை.

இன்னொரு குறை, இறந்த கிருமிக்கும் உயிருள்ள கிருமிக்கும் எதிர்ப்பொருள் வேறுபாடு அறியாது. நன்றாகக் கொதித்த குழம்பிலும் செத்த கிருமியின் சட்டையைக் கண்டு அது கூவக்கூடும். சில வேளை அக்குறையே நன்மையாவதும் உண்டு. நம் பக்கத்துக் கலியாணங்களில் பல நூறு பேருக்குச் சமைப்பார்கள். சமைத்தவர் கையிலுள்ள புண்ணிலிருந்து ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் விழுந்து, வெப்பமான நேரத்தில் பெருகி, நஞ்சைக் கக்கிவிட்டது என்று கொள்வோம். பிறகு சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. வளர்ப்புத் தட்டில் ஒன்றும் முளைக்காது. உண்டவர்களோ சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பார்கள். அந்த நஞ்சையே பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டுதான் உண்மையை வெளிக்கொணர முடியும். 1914-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் பார்பர் என்பவர், ஒரு பண்ணையில் வெளியே வைத்திருந்த பாலாடையைத் தாமே உண்டு நோயுற்று இந்நஞ்சின் இயல்பை அறிந்தார். அத்தகைய சோதனையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை!

இனி 1992-க்கு வருவோம். அப்போது சென்னைக்கு மதராஸ் என்னும் பெயரே ஆங்கிலத்தில் வழங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அங்கு வயிற்றுப்போக்குக் கடுமையாகப் பரவியது. நோயாளிகளின் நிலை பழைய மருத்துவ நூல்களில் எழுதியிருந்த காலராவேதான்: கஞ்சித் தெளிவுபோன்ற கழிச்சல், சில மணி நேரத்தில் குழி விழும் கண்கள், சுருங்கும் விரல்கள். கழிவில் விப்ரியோக்கள் நிறைய இருந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒரு துளி ஓ-1 சீரத்தை விட்டுக் கலந்தனர். துளி கலங்கலாகவே இருந்தது. திரளவில்லை.

விதிப்படி எழுதுவதானால், காலரா அன்று என்று எழுதி அந்தத் தட்டை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு நோயாளியாக இருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் மதராசோடு அது நிற்கவில்லை. மதுரையிலும் வேலூரிலும் அதே திரளாத விப்ரியோ தோன்றியது. காரைக்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேரப் பயணம். அப்போது நான் இளம் ஆசிரியன். பள்ளிப் பிள்ளைகளைக் காய்ச்சி ஆற்றிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னது நினைவிருக்கிறது. நோயின் பெயர் என்னவென்று ஒரு மாணவன் கேட்டான். அப்போது அதற்குப் பெயர் இல்லை.

ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவிலும் அது கண்டது, அடுத்து வங்கதேசம். அங்கு 1993-இன் முதல் மூன்று மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அந்நோய் பற்றியது. வழக்கமாகக் காலரா உலவும் ஊர்களில் குழந்தைகளே மிகுதியாக நோயுறுவர். பெரியவர்கள் பலமுறை அக்கிருமியைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள். இம்முறை பெரியவர்களே பெருவாரியாக வீழ்ந்தனர். மாணவர்களே, இதன் பொருளைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடத்துப் புட்டியிலிருந்த சீரம் மட்டுமன்று, ஊரார் உடம்பிலிருந்த சீரமும் இக்கிருமியை அறியவில்லை. இரண்டும் ஓ-1 என்னும் ஒரே பாடத்தைப் படித்தவை.

கல்கத்தாவில் அந்நாளில் தேசிய காலரா மற்றும் குடல்நோய் நிறுவனம் என்று பெயர் பெற்றிருந்த ஆய்வகத்தைச் சேர்ந்த ராமமூர்த்தி, பாலகிருஷ் நாயர் முதலியோரும், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மேரி ஜேசுதாசன், ஜேக்கப் ஜான் ஆகியோரும் 1993-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இதை எழுதினர். திரளாத விப்ரியோ என்ற மூட்டைக்குள் கொள்ளைநோய்க் கிருமி ஒன்று இருக்கிறது என்று உலகுக்குச் சொன்ன முதற் குரல்களில் இவை அடங்கும். ஜப்பானில் ஷிமாடாவும் அவருடைய குழுவினரும் அன்றுவரை எண்ணியிருந்த 138 ஓ-பிரிவுகளின் சீரங்களோடும் அதை ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தனர். ஒன்றிலும் பொருந்தவில்லை. எனவே 139-ஆம் எண் கிடைத்தது. வங்காள விரிகுடாவின் கரையோரங்களில் முதலில் அகப்பட்டதால் பெங்கால் என்றும் வழங்கினர். வங்காளத்துக்கு முன் நம் சென்னையில் தோன்றிய கிருமிக்கு அப்பெயரா என்று சிலர் கேட்பதுண்டு. விரிகுடா நமக்கும் உரியதுதானே.

பின்னர் மரபுப் பொருளை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. ஓ-139 வேற்றினம் அன்று. பழைய எல் டார் கிருமியேதான். ஓ அடையாளத்தை நெய்யும் மரபணுத் தொகுதியை மட்டும் வேறொரு விப்ரியோவிடமிருந்து பெற்று மாற்றிக்கொண்டிருந்தது. அதாவது சட்டை வேறு, ஆள் அதே. சம்புநாத் டே என்னும் வங்காள அறிஞர் 1959-இல் கல்கத்தாவில் நிறுவிக் காட்டிய அதே காலரா நஞ்சைத்தான் இதுவும் சுரந்தது. சீரம் சட்டையை மட்டுமே பார்க்கும். அச்சட்டையே ஆள் என்று 1935 முதல் எல்லோரும் கொண்டதில் வியப்பில்லை. ஐம்பத்தேழு ஆண்டுகள் அது பிழைபடவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சோதனை தவறியதால் நோயாளிகள் மருத்துவமின்றி இறந்தார்களா? காலராவில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதல் மருத்துவம். அதற்கு எந்தச் சீரத்தின் தீர்ப்பும் வேண்டியதில்லை. ஓ-1 ஆயினும் ஓ-139 ஆயினும் உப்பும் சர்க்கரையும் கலந்த அதே நீர்தான். சோதனை தேவைப்படுவது ஊருக்காக. எந்தக் குழாயை அடைப்பது, எங்குக் குளோரின் இடுவது, அடுத்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுப்பதா என்பவற்றையெல்லாம் அந்த ஒரு துளிதான் முடிவு செய்கிறது. தடுப்பு மருந்துக்கும் அதுவே வழிகாட்டி. ஓ-1-ஐ மட்டும் கொண்டு செய்த மருந்து ஓ-139-ஐத் தடுக்காது. 2009-இல் இந்தியாவில் உரிமம் பெற்ற வாய்வழி மருந்தில் இரண்டையும் சேர்த்தது அதனால்தான்.

சீரமும் அதன்பின் புதுக் கோலம் பூண்டது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டு, 1984-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றிருந்தனர். முயலின் குருதியில் பல சாவிகள் கலந்திருக்கும்; இவர்கள் வழியில் ஒரே சாவியைக் கோடிக்கணக்கில் பெறலாம். இவ்வகை எதிர்ப்பொருளை நுண்ணிய தங்கத் துகளோடு பிணைத்துத் தாள்பட்டையில் ஏற்றினர். கோவிட் பரவிய காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த அட்டையை நீங்கள் கண்டிருப்பீர்கள், அமைப்பு அதுவே. கழிவுநீர் தாளில் ஊறி ஏறும்போது கிருமியின் ஓ அடையாளம் அகப்பட்டால், துகள்கள் ஒரு கோட்டில் குவிந்து சிவப்பாகத் தெரியும். நகைப்பெட்டியில் மஞ்சளாக மின்னும் தங்கம், அவ்வளவு நுண்ணியதாக இருக்கையில் சிவப்பு நிறம் காட்டும். காலராவுக்கென இந்தியாவில் சூரத் நகரில் செய்யப்பெற்ற தாள்பட்டையில் ஓ-1-க்கு ஒரு கோடும் ஓ-139-க்கு ஒரு கோடும் இருந்தன. கால் மணி நேரத்தில் விடை. ஆனால் இல்லாததை உண்டென்று இது சொல்வதும் உண்டாதலால், ஊரில் கொள்ளைநோய் தலைகாட்டுகிறதா என்று அறிய இதைப் பயன்படுத்தலாம். கிருமியை வளர்த்துப் பார்த்து உறுதி செய்தே ஆகவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மாதிரியை உயிரோடு கொண்டு சேர்க்க வேண்டுமல்லவா? வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் ஆகியோரின் கடலுப்புக் கரைசலுக்கு அதனால் இன்னும் வேலை இருக்கிறது.

தாளுக்குப் பதிலாக மின்முனையின் மேல் எதிர்ப்பொருளைப் பதித்து, கிருமி வந்து பொருந்தும்போது மின்னோட்டத்தில் நேரும் மாற்றத்தை அளக்கும் உணரிகளையும் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் செய்து பார்க்கின்றன. மின்வேதியியல் என்னும் துறையைச் சேர்ந்த வேலை அது. நம் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு அச்சொல் புதிதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பெற்ற சிக்ரியின் வாயிலில் அச்சொல்லைப் படித்துக்கொண்டே வளர்கிறவர்கள் அவர்கள். ஆனால் மின்முனையில் பதித்தாலும் எதிர்ப்பொருள் எதிர்ப்பொருள்தான். ஓ-1-க்கென்று செய்தது ஓ-1-ஐயே அறியும்.

ஓ-139 தொண்ணூறுகளின் நடுவில் தணிந்து, 1996-இல் கல்கத்தாவில் மறுபடி தலைதூக்கி, பின்னர் மெல்ல அரிதாகிவிட்டது. உலகில் இன்று காலராவை உண்டாக்குவது பெரும்பாலும் பழைய ஓ-1 தான். இருந்தும் காலரா ஆய்வு செய்யும் கூடங்களில் ஓ-1 சீரப் புட்டிக்குப் பக்கத்தில் ஓ-139 சீரப் புட்டியையும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டில் முதலில் ஒன்றைக் கலந்து பார்க்கிறார்கள், திரளாவிட்டால் மற்றதை. இரண்டிலும் திரளாமல், நோயாளிகள் மட்டும் காலராவைப் போலவே வந்துகொண்டிருந்தால், அந்த வளர்ப்பைக் கொட்டிவிடாமல் மேலாய்வு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள்.